அத்தான் குளிரவைத்த கம்ப்யூட்டர்

ஏசி மெக்கானிக்கான என் அக்காள் புருஷனுக்கு ஊரில் 'கேஸ்காரர்' என்று பெயர். ஏசி, ஃப்ரிட்ஜ், மருந்துக் கடையின் கண்ணாடிப் பெட்டி, எதுவாக இருந்தாலும் பக்கத்தில் போய் நின்று உள்ளங்கையைக் காட்டி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, "கேஸ் கம்மியா இருக்கு" என்பார். பாதி நேரம் அது உண்மையாகவும் இருக்கும். வீட்டில் அக்கா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் அதே வியாதிதான். "உங்கக்காவுக்கு கேஸ் இறங்கிப் போச்சு, வந்து கொஞ்சம் ஏத்திட்டுப் போ" என்று எனக்குப் போன் பண்ணுவார். நான் இருப்பது அடுத்த தெரு. போவேன். அக்காவோடு சேர்ந்து அவரைத் திட்டிவிட்டு வருவேன்.

அத்தான் நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் போகப் போக எனக்கு அவர்மேல் கோபம் வரும். ஊருக்கெல்லாம் குளிர் ஏற்றுகிறவர் வீட்டில் சொந்தமாக ஒரு ஏசி கிடையாது. கூடத்தில் கடகடவென்று ஆடும் ஒரு சீலிங் ஃபேன், முற்றத்துக் கொட்டகையில் பிரித்துப் போட்ட மற்றவர்களின் ஏசிகள். மழைக்காலத்தில் அக்கா அந்த ஏசிகளின் மூடிகளில்தான் துணி காயப்போடுவாள். கேட்டால், "நமக்கெல்லாம் பழகிடுச்சு" என்பார். தன் வேலையில் யாரும் மூக்கை நுழைத்தால் மட்டும் பிடிக்காது. முப்பது வருஷத்தில் அவர் கைபட்ட மெஷின் ஒன்று கெட்டுப்போனது என்று எவரும் சொன்னதில்லை. சொல்ல விட்டதும் இல்லை.

அவருக்கு ஒரே மகள். இன்னும் கட்டாத கட்டடத்துக்குள் நம்மை நடத்திக் கூட்டிப்போவது போலப் படம் செய்கிற வேலை அவளுக்கு. வாசற்படி, மாடிப்படி, ஜன்னலில் விழும் வெயில், எல்லாம் கம்ப்யூட்டரிலேயே செய்வாள். முதல்முறை ஒன்றைக் காட்டியபோது அக்கா, "யாரு வீடுடி இது, இவ்வளவு சுத்தமா வச்சிருக்காங்க" என்று கேட்டாள்.

கல்யாணமாகி மூன்றாவது வருஷம் அவள் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். இரண்டு பெட்டி, ஒரு கம்ப்யூட்டர். என்னம்மா நடந்தது என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதில்தான் யாருக்கும் பிடிபடவில்லை.

"அவர் என்னை வேலை செய்ய விடறதில்ல. சண்டை போட்டு இல்ல, மெதுவா. முக்கியமான நாள் பார்த்து சார்ஜர் காணாமப் போகும். நான் வச்ச அலாரம் ஆஃப் ஆகியிருக்கும். செஞ்ச படம் அழிஞ்சிருக்கும். கேட்டா, ஐயோ பாவம், நல்லாத் தேடிப் பாரும்மான்னு கூடவே தேடுவார்."

அத்தான் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "சார்ஜர் காணாமப் போச்சுன்னு யாராவது புருஷனை விட்டுட்டு வருவாங்களா?" என்று என்னிடம் கேட்டார். அடித்தாரா, குடித்தாரா, வேறு தொடுப்பு உண்டா என்று அவருக்குத் தெரிந்த வரிசையில் எல்லாம் கேட்டுப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் மகள் இல்லை என்றே தலையாட்டினாள். அதோடு அவர் விசாரணை முடிந்துவிட்டது.

அந்த மாப்பிள்ளையை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் எல்லோருக்கும் பிடித்திருந்தது. குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. சட்டையில் ஒரு மடிப்புக் கலையாது. இவள் கிளம்பிய அன்று கூட, "அவ அவசரத்துல ஏதாவது உடைச்சுடுவா மாமா" என்று அந்தக் கம்ப்யூட்டரைத் தானே கழற்றித் துடைத்து, போர்வை சுற்றி, நாலு பக்கமும் டேப் ஒட்டி, வண்டியிலும் ஏற்றிவிட்டான். கூட்டிவரப் போயிருந்த அத்தான் அதைப் பார்த்து நெகிழ்ந்துபோய் வந்தார். "விட்டுட்டுப் போற பொண்டாட்டிக்கு இப்படி யாரு செய்வாங்க" என்று வாரம் முழுக்க அதே பேச்சு. மாப்பிள்ளையும் தினம் சாயங்காலம் அத்தானுக்குப் போன் பண்ணி, சாப்பிட்டாளா தூங்கினாளா என்று விசாரித்துக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நாளில் ஒரு கட்டடக் கம்பெனி அவளுக்கு ஒரு சோதனை வேலை கொடுத்தது. ஒரு நூலகத்தின் வரைபடத்தைக் கொடுத்து, உள்ளே நடந்து பார்ப்பது போல ஒரு படம் செய்து சனிக்கிழமைக்குள் அனுப்பச் சொன்னார்கள். படம் பிடித்துப்போனால் நிரந்தர வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம். அத்தான் இந்த இடத்தில்தான் ஒரு ஒப்பந்தம் போட்டார். போனில் மாப்பிள்ளையை வைத்துக்கொண்டு, எங்கள் எல்லோர் முன்னாலும் மகளிடம் சொன்னார்.

"வேலை கிடைச்சா உன் இஷ்டம், நான் எதுவும் சொல்லமாட்டேன். கிடைக்கலன்னா ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வண்டி கொண்டுவருவார். பேசாம ஏறிடணும்."

மகள் "சரிப்பா" என்றாள்.

வேலையைத் தொடங்கிய அன்றே கம்ப்யூட்டர் தகராறு செய்தது. படத்தைச் செதுக்கும்வரை ஒன்றும் இல்லை. கடைசியில் எல்லாவற்றையும் கோத்து ஓடவிடுகிற கட்டம் ஒன்று உண்டாம், அதற்குப் பல மணி நேரம் பிடிக்குமாம், அந்த நேரம் பார்த்து உள்ளே இருக்கிற கிராஃபிக்ஸ் கார்டு கொதிக்க ஆரம்பித்துவிடும். திரையின் ஓரத்தில் அதன் சூடு எண்ணாகத் தெரியும். எண்பது, எண்பத்தைந்து என்று ஏறும். தொண்ணூறைத் தாண்டியதும் திரை கறுத்து, பெட்டி தானாக நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து. பக்கத்தில் போனால் இஸ்திரிப் பெட்டி மாதிரி அனல் அடித்தது. தூசி ஊதிப் பார்த்தாள், ஜன்னலோரம் நகர்த்திப் பார்த்தாள், டேபிள் ஃபேனை எதிரே வைத்துப் பார்த்தாள். கடைக்காரர் போனிலேயே, "கார்டு ஆயுசு முடிஞ்சிருக்கும்மா, புதுசு போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டார். புதிது வரவழைக்கவே பத்து நாள் ஆகுமாம்.

புதன்கிழமை நான் போனபோது அவள் நாற்காலியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அத்தான் அறை வாசலிலேயே நின்று அதைப் பார்த்தார். ஒப்பந்தம் போட்டவர்தான், ஆனாலும் பெற்ற மனசு. அதோடு சூடு என்ற சொல்லைச் சொல்லி அவர் வீட்டுக்குள்ளேயே வந்து யாரோ சவால் விட்டுப் போனது போலவும் இருந்தது அவருக்கு.

"சூடுதான பிரச்சினை? இதுக்கா இவ்வளவு அழுகை? நகரு."

கொட்டகையிலிருந்து சக்கரம் வைத்த ஏசி ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். யாரோ ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு வாங்க மறந்தது. அதன் வாயில் மடிப்பு மடிப்பான வெள்ளிக் குழாயை மாட்டி, மறு முனையைக் கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றிய இடத்தில் அட்டை வெட்டி ஒட்டிப் பொருத்தினார். பெட்டிக்கு மூக்கில் குழாய் போட்ட நோயாளியின் தோற்றம் வந்துவிட்டது. ஆனால் வேலை செய்தது. எண் எழுபதுக்கு மேலே ஏறவில்லை. வியாழக்கிழமை முழுக்கப் பாதிப் படம் ஓடி முடிந்தது. அத்தானைக் கையில் பிடிக்க முடியவில்லை. தெருவில் போகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டாத குறை. மாப்பிள்ளைக்கும் போன் போட்டுச் சொன்னார். மாப்பிள்ளை, "நீங்க இருக்கும்போது என்ன கவலை மாமா" என்றானாம்.

வெள்ளிக்கிழமை மீதிப் பாதி. அன்றைக்கு அத்தானுக்கு ஒரு யோசனை வந்தது. பெரிய குளிர்க் கிடங்குகளில் சரக்கு ஏற்றுவதற்கு முன்னால் அறையைக் காலியாக ஓடவிட்டு நன்றாகக் குளிரவைப்பார்கள். அதே முறையைக் கம்ப்யூட்டருக்கும் செய்தால் கார்டு இன்னும் நிதானமாகச் சூடேறும் அல்லவா? மகளை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஓடாத பெட்டிக்குள் காலையிலிருந்து குளிர்காற்றை ஏற்றிக்கொண்டே இருந்தார். அவள் மணியைப் பார்த்துப் பார்த்துத் தவித்தாள். "பொறும்மா, ஊறட்டும்" என்றார், ஏதோ பருப்பு ஊறப்போட்டவர் மாதிரி.

அப்போது மழை பிடித்தது. கரண்ட் போயிற்று. ஏசி நின்றது. அறை புழுங்கவே அக்கா ஜன்னலைத் திறந்துவிட்டாள். ஈரக் காற்று குபுகுபுவென்று உள்ளே வந்தது. அரைமணி நேரம் கழித்துக் கரண்ட் வந்ததும் மகள் சுவிட்சுக்குக் கையை நீட்டிவிட்டு, "கொஞ்ச நேரம் விட்டுப் போடலாமாப்பா?" என்று கேட்டாள். எதற்காகக் கேட்டாளோ. "ஏற்கனவே லேட்டு, போடு" என்றார் அத்தான்.

போட்டாள். 'டிக்' என்று ஒரு சத்தம். லேசாக ஒரு கருகல் வாடை. பிறகு ஒன்றும் இல்லை.

அத்தான் குழாயைப் பிடுங்கிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். உள்ளே இருந்த தகடு, திருகு, கார்டு, எல்லாவற்றின் மேலும் பொடிப் பொடியாக நீர் முத்து. நன்றாகக் குளிர்ந்த இரும்பின்மேல் மழைக் காற்று பட்டால் வேர்க்கும். குளிர்ந்த பாட்டிலை வெளியே எடுத்து வைத்தால் வேர்க்கிறதே, அதேதான். ஊரில் எந்தக் கடைக்குப் போனாலும் அத்தான் முதலில் சொல்லும் பாடமே அதுதான்: கரண்ட் போய் வந்தால் வேர்வை உலரும் வரை சுவிட்சைத் தொடாதே.

"வேர்த்திருக்கு" என்றார். ஒரு நிமிஷம் கழித்து, "எனக்குத் தெரியும். எனக்கு இது தெரியும்ல" என்றார். யாரிடம் சொல்கிறார் என்றே தெரியவில்லை. நான் அவரைத் திட்டுவதற்கு வாயைத் திறந்தேன், ஆனால் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. தன் கையாலேயே தன் மகளை அந்த வண்டியில் ஏற்றிவிட்டது போல நின்றார் மனிதர். மகள் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். அக்காதான் தலையில் அடித்துக்கொண்டாள்.

பிறகு அவருக்குக் கை வேலை ஞாபகம் வந்தது. கார்டைக் கழற்றித் தரையில் துணி விரித்து வைத்தார். அக்காவின் ஹேர் டிரையரை மெதுவான சூட்டில் வைத்து ஊதினார். உள்ளே இன்னும் ஈரம் இருக்கும் என்று, கார்டின் மேலே இருந்த பிளாஸ்டிக் மூடியின் குட்டித் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். மூடியைத் தூக்கினார். டிரையரை நிறுத்தினார்.

"இதுல எத்தனை ஃபேன் சுத்தும்?"

"ரெண்டுப்பா."

"ரெண்டும் சுத்திப் பார்த்திருக்கியா?"

"அது கீழ் பார்க்க இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. நான் கார்டைத் தொட்டதே இல்லப்பா. தொடக்கூடாதுன்னு அவர் சொல்லுவார். எல்லாம் அவர்தான் பார்ப்பார்."

அத்தான் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். குனிந்து பார்த்தேன். இரண்டு ஃபேன். ஒன்றிலிருந்து நூல் மாதிரி வயர்கள் போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்திருந்தன. இன்னொன்றிலிருந்து வந்த வயர்கள் பாதி வழியில் நின்றிருந்தன. நின்ற முனைகளை ஒவ்வொன்றாக மடித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கறுப்பு டேப் சுற்றி, வெளியே தெரியாமல் மூடிக்கு அடியில் செருகி வைத்திருந்தது. எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. இவ்வளவு நேர்த்தியாக இருக்கிறதே என்றுதான் தோன்றியது.

அத்தான் டேப்பை நகத்தால் பிரித்து முனையை விளக்கில் காட்டினார். "எலி கடிச்சா பல்லு பட்டுப் பிசிறு பிசிறா இருக்கும். சூட்டுல போனா ரப்பர் உருகியிருக்கும். இது கட்டர். ஒரே வெட்டு." நிறுத்தினார். "கடையில எவனாவது பண்ணியிருப்பான்."

"எந்தக் கடைக்கும் போகலப்பா. நான் கிளம்பின அன்னிக்குக் காலைல வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு."

அன்றைக்கு அதைக் கழற்றித் துடைத்துப் போர்வை சுற்றிக் கட்டியது யார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் அதை வாயால் சொல்ல ஒருவருக்கும் தைரியம் இல்லை. டேப் சுற்றின கையை நினைத்தால்தான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. கோபத்தில் வெட்டியவன் டேப் சுற்றமாட்டான்.

அத்தான் போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தார். ஏதாவது வேறு விளக்கம் கிடைத்துவிடாதா என்ற ஆசை அவர் குரலில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"மாப்பிள்ளை, ஒண்ணுமில்ல. அந்தக் கார்டு இருக்குல்ல, அதைத் திறந்து பார்த்தேன்."

அந்தப் பக்கமிருந்து எப்போதும் போல மென்மையான குரல் வந்தது.

"நீங்க எதுக்கு மாமா அதையெல்லாம் திறக்கறீங்க?"

அத்தான் டேப் பிரித்த வயரைப் போனுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இன்னும் ரெண்டே நாள்தான மாமா. அவளே அலுத்துப்போய் விட்டுடுவா. நல்லபடியா வீடு வந்து சேரட்டும்னுதான் எல்லாம். நீங்களும் அதைத்தான விரும்பறீங்க?"

கடைசிக் கேள்விதான் அத்தானை உட்கார வைத்தது. குந்தியிருந்தவர் அப்படியே பின்னால் சாய்ந்து தரையில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். அந்தக் குரலில் வருத்தமும் இல்லை, பதற்றமும் இல்லை. கூட்டு வேலையில் ஒரு பங்காளி இன்னொரு பங்காளியிடம் பேசுவது போல இருந்தது. அக்கா குனிந்து போனை அமர்த்தினாள். "எம் பொண்ணு வந்த அன்னிக்கே சொன்னாளே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் தண்ணீர் கொண்டுவரப் போய், எதற்குப் போனேன் என்று தெரியாமல் வெறுங்கையோடு திரும்பி வந்தேன்.

மகள் மட்டும் தரையில் உட்கார்ந்து கார்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வயரைச் சேர்க்க முடியுமாப்பா?" என்று கேட்டாள்.

நான் அவள் தோளைத் தொட்டேன். "ஏண்டி, உனக்குத் தூக்கிவாரிப் போடல?"

"எதுக்கு சித்தி?" என்றாள். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டாள். எனக்கு அழுகை வந்தது அப்போதுதான்.

அத்தான் பற்றவைக்கிற கம்பியை எடுத்து வந்தார். விரல் தடிமன் செம்புக் குழாயைப் பற்றவைக்கிறவருக்கு அந்த நூல் வயர் கண்ணிலேயே படவில்லை. மகள் விளக்கைப் பிடித்தாள், நான் வயரைப் பிடித்தேன். நடுவில் இரண்டு முறை எழுந்துபோய் வாசலில் நின்றுவிட்டு வந்தார். சேர்த்து முடித்து, இன்னும் நன்றாக உலரவிட்டு, சாயங்காலம் பெட்டியில் மாட்டினார். இந்தத் தடவை அவர் யாரையும் போடச் சொல்லவில்லை. அவள் கேட்டபோதுகூட, "உனக்கு எப்பத் தோணுதோ அப்பப் போடும்மா" என்றார்.

கார்டு பிழைத்தது அதிர்ஷ்டம்தான். கருகியது கரண்ட் வருகிற இடத்தில் ஒரு சின்ன ஃபியூஸ், அதற்குக் கொட்டகையிலேயே மாற்று இருந்தது. இரண்டு ஃபேனும் சுற்றின. குழாயும் இல்லை, ஏசியும் இல்லை, எண் எழுபதைத் தொடவே யோசித்தது. சனிக்கிழமை மதியம் படம் முழுதாக முடிந்து போயிற்று. வேலை கிடைத்ததா என்று யாரும் தவிக்க வேண்டாம், கிடைத்தது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள்.

படத்தை அனுப்பிய கையோடு நடந்ததுதான் எனக்கு மறக்கவில்லை. அத்தான் கூடத்தில் நின்று மாப்பிள்ளைக்குப் போன் பண்ணினார். "நாளைக்கு இங்க வர வேண்டாம். எப்பவுமே வர வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வைத்தார். பிறகு சட்டையைச் சரிசெய்துகொண்டு மகளின் அறை வாசலில் போய் நின்றார். அந்த மனிதர் வாயிலிருந்து அதற்குமுன் 'தப்பு' என்ற வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. கேட்டதும் அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"தப்பு என்மேலதான்மா" என்றார். "நீ வந்த அன்னிக்கே உன்னை நான் நம்பியிருக்கணும். இப்ப நம்பறேன்."

மகள் நாற்காலியைத் திருப்பி அவரைப் பார்த்தாள். கோபமாக இல்லை. களைத்துப்போயிருந்தாள்.

"இப்பவும் நீங்க என்னை நம்பலப்பா" என்றாள். "வயரைத்தான் நம்பறீங்க. அது கிடைச்சிருக்காட்டி நாளைக்கு நான் வண்டியில ஏறியிருப்பேன்."